கைக்குக் கீழே போட்ட பெல்ட்

1. ஞாயிற்றுக்கிழமை காலை மாமாவின் காரை இரவல் வாங்கினேன். மாமா அம்மாவின் தம்பி. பிரிஞ்சாங் ஊரை ஒட்டி முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர். எங்கள் குடும்பத்தில் கார் இருப்பது அவரிடம் மட்டும்தான்.

2. கம்போங் ராஜா ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. அம்மா கிளிப்பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறினாள்.

3. "பெல்ட்டு போட்டாச்சா?" என்று கேட்டேன். "போட்டாச்சு" என்றாள். கிளிக் சத்தமும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

4. தூறல். பிரிஞ்சாங்கைத் தாண்டி ஒரு வளைவில் காய்கறி லாரி ஒன்று பாதையிலேயே நின்றிருந்தது.

5. பிரேக்கை மிதித்தேன். சாலையில் மண் வழிந்திருந்தது. கார் வழுக்கிக்கொண்டு போய் லாரியின் பின்பக்கத்தில் மோதியது. மோதும்போது வேகம் நாற்பதுக்குக் கீழே இருக்கும்.

6. எனக்கு: வலது காறை எலும்பின் மேல் பெல்ட் அகலத்துக்கு ஒரு கன்றிய தடம். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

7. அம்மாவுக்கு: முதுகெலும்பில், இடுப்புக்குச் சற்று மேலே, ஓர் எலும்பு குறுக்காகப் பிளந்தது. இடப்பக்கம் இரண்டு விலா எலும்புகள். கழுத்தில் தசைப்பிடிப்பு.

8. காருக்கு: ஒரு முன்விளக்கு, முன்மூடி, ரேடியேட்டர்.

இதை அன்றே என் வேலைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். நான் தேயிலைத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். இயந்திரப் பொறியியலில் டிப்ளோமா. கொழுந்தை நசுக்கும் உருளைகளும் உலர்த்தும் அடுப்பும் என் பொறுப்பு. ஒரு இயந்திரம் உடைந்தால் என்ன நடந்தது என்று வரிசை எண் போட்டு எழுதாமல் அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மாவின் முதுகுக்கும் அப்படித்தான் எழுதினேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்தபின் ஆறையும் ஏழையும் மாற்றி மாற்றிப் படித்தேன். ஒரே கார். ஒரே மோதல். ஒரே மாதிரியான இரண்டு பெல்ட்டுகள். ஒருத்திக்குக் கன்றிய தோல், இன்னொருத்திக்குப் பிளந்த எலும்பு.

காரணம் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. தானா ராத்தா மருத்துவமனையில் அம்மாவின் புடவையைக் கத்தரித்து எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் வாந்தி இருந்தது, மழைத்தண்ணீர் இருந்தது, லாரியிலிருந்து சிதறிய கோஸ் இலையும் ஒட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் குளியலறையில் விரித்துப் பார்த்தேன். கிளிப்பச்சைப் பட்டில், தொப்புள் வரும் இடத்தில், பெல்ட் அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை அச்சடித்த மாதிரி கிடந்தது. இடது அக்குளுக்குக் கீழே ரவிக்கையில் அதே மாதிரி இன்னொன்று. தோளில் எதுவும் இல்லை. மடிப்பை வைத்து அளந்தேன். இடுப்பெலும்புக்கு நான்கு விரற்கடை மேலே.

தோள் பட்டையை அம்மா கைக்குக் கீழே விட்டிருக்கிறாள். அது இழுத்ததில் இடுப்புப் பட்டையும் வயிற்றுக்கு ஏறியிருக்கிறது. பெல்ட் நம்மைப் பிடிப்பது இரண்டு இடங்களில்: தோளெலும்பு, இடுப்பெலும்பு. இரண்டும் கெட்டி. அந்த இரண்டையும் விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது குடலும் விலாவும்தான். உடம்பின் மேல்பாதி பட்டைக்கு மேலே மடங்கி முன்னால் போகும். தலை எல்லாவற்றையும்விடத் தூரம் போகும். முதுகெலும்பு பின்பக்கமிருந்து வாய் திறந்த மாதிரி பிளக்கும். அம்மாவுக்கு அதுதான் நடந்தது.

ஈப்போவில் பெரிய மருத்துவமனையில் டாக்டர் இதையேதான் மலாயில் நிதானமாகச் சொன்னார். எலும்பு மட்டும்தான் பிளந்திருக்கிறது, உள்ளே போகும் நரம்புத் தண்டு தப்பிவிட்டது. அறுவை வேண்டாம். மார்பிலிருந்து இடுப்பு வரை கவசம் போட்டு மூன்று மாதம். ஆனால் எலும்பு கூடும்வரை இன்னொரு மோதல், இன்னொரு பலமான குலுக்கல் வந்தால் நரம்பு தாங்காது. கால்கள் இரண்டும் போய்விடலாம். மூன்று வாரத்தில் திரும்பக் கூட்டி வரவேண்டும், படம் எடுத்து எலும்பு அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். காரில் வரும்போது பெல்ட் ஒழுங்காகப் போட்டுத்தான் வரவேண்டும். கடைசியாகச் சொன்னதை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

அம்மாவைத் தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் இருக்கும் எங்கள் லைன் வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நலம் விசாரிக்க வருகிறவர்களை வெறுக்கக்கூடாது. ஆனால் பிஸ்கட் டப்பாவோடு வந்து, கட்டில் ஓரத்தில் தடாலென்று உட்கார்ந்து, மெத்தை குலுங்கி அம்மா பல்லைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடர்கிறவர்களை என்ன செய்வது? எல்லோரும் ஒரே தீர்ப்போடு வந்தார்கள். முதுகை ஒடித்தது பெல்ட்.

"போடாம இருந்திருந்தா முதுகு ஒடிஞ்சிருக்குமா?" என்று கேட்டார் அத்தை, மாமாவின் மனைவி.

"போடாம இருந்திருந்தா கண்ணாடிய ஒடைச்சிட்டு லாரிக்குள்ள போயிருப்பாங்க, அத்தை."

"நீ படிச்சவ. உன் வாய்க்கு முன்னாடி யாரு லா நிக்கிறது."

"கைக்கு கீழ போட்டதுதான் தப்பு."

"தாலிக்கொடி மேல குறுக்கால பெல்ட்டு போனா கழுத்த அறுக்கும். தாலி நசுங்கும். நாங்க எல்லாருமே கைக்கு கீழதான் போடுறது. போலிசு தூரத்துலேருந்து பாத்தா போட்ட மாதிரிதான் தெரியும். சம்மனும் வராது, தாலிக்கும் ஒன்னும் ஆகாது." பிறகு அம்மாவிடம் குனிந்தார். "என்னாண்ணி? அதானே?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமா" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஈப்போவில் ஒருவன் பெல்ட்டைக் கழற்ற முடியாமல் காரோடு எரிந்த கதையைச் சொன்னார். யார் என்று கேட்டேன். "யாரோ. சொன்னாங்க" என்றார். இன்னொருவர் எலும்பை எண்ணெய் போட்டு உருவிச் சேர்க்கும் ஆள் ஒருவரை அழைத்தே வந்துவிட்டார். அந்த ஆளின் கையில் ஏற்கெனவே எண்ணெய் இருந்தது. நகங்களுக்குள் கறுப்பு. தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தை மேற்பார்க்கும் மண்டோராக இருக்கும் அப்பா, வாரத்துக்குப் பத்து வார்த்தை பேசுகிறவர், கதவுக்கு நடுவில் வந்து நின்றார். "யாரும் அவ முதுகுல கை வைக்கக்கூடாது" என்றார். அந்த வாரத்தின் பாதிப் பேச்சு அதிலேயே தீர்ந்துபோனது.

அம்மா சுத்தக்காரி. தோட்டத்துத் தேநீர்க் கடையில், சுற்றுலா வருகிறவர்கள் மலையைப் பார்த்தபடி குடித்துவிட்டுப் போகும் கோப்பைகளைக் கழுவும் வேலை அவளுக்கு. கோப்பை விளிம்பில் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தால் மூன்று முறை தேய்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் எங்களைத் தொடுவாள். அப்படிப்பட்டவளுக்குக் கவசத்துக்குள் வேர்த்தது. மலைக் குளிரிலும் வேர்த்தது. ஈரத் துணியால் நான் துடைத்துவிடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். வயிற்றில் பெல்ட் பதிந்த காயம் முதலில் நாவற்பழ நிறமாகவும் பிறகு மஞ்சளாகவும் அழுகின பழத்தின் நிறமாகவும் மாறியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சிக்கு இரக்கம் என்று பெயர் வைக்க ஆசை. உண்மையில் அது அருவருப்புதான். காயத்தின் மேல் இல்லை. 'போட்டாச்சா' என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத என் மேல்.

தொழிற்சாலையில் உருளைக்குக் காப்புத்தகடு மாட்டியாச்சா என்று நான் யாரையும் வாயால் கேட்பதில்லை. போய்க் கையால் ஆட்டிப் பார்ப்பேன். அம்மாவிடம் மட்டும் ஒரு கிளிக் சத்தம் போதுமாக இருந்தது. எங்கள் ஊரில் 'போட்டாச்சு' என்றால் கொக்கி மாட்டிவிட்டது என்று அர்த்தம். பட்டை எங்கே கிடக்கிறது என்பது அந்த வார்த்தைக்குள் வராது.

மூன்றாவது வாரம் ஈப்போவுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. செவ்வாய்க்கிழமை. சிம்பாங் பூலாய் மலைச்சாலை வழியாக இறங்கவேண்டும்; வளைவுக்கு மேல் வளைவு. மாமாவின் கார் பட்டறையிலிருந்து வந்துவிட்டது.

"பெல்ட்டு போட மாட்டேன்" என்றாள் அம்மா.

தோளெலும்பு, இடுப்பெலும்பு, விலா, நரம்புத் தண்டு என்று எண் போட்டு விளக்கினேன். காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். "தாலிய உள்ள விட்டுக்கலாம், மேல துண்டு வெச்சுக்கலாம்" என்றேன். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, நன்றாக வரைகிறாய் என்றாள். பிறகு, "மெதுவா ஓட்டு. பின்னாடி படுத்துக்கிறேன்" என்றாள்.

"படுத்துட்டு வந்தா பிரேக்கு போட்ட உடனே உருண்டு கீழ விழுவீங்கம்மா."

"விழுந்தா விழுறேன்."

"கால் போயிரும்மா."

அம்மா கவசத்தின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அத்தையின் தாலிப் பேச்சு அவளுக்குள் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். படித்தவள் வீட்டிலேயே இப்படி என்று அத்தை மேல் எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் மாமா காரைக் கொண்டுவந்து லைன் வாசலில் நிறுத்தினார். முதலில் முன் சீட்டுப் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். பட்டை அலை அலையாக நெளிந்து, ஓரத்தில் நூல் பிசிறியிருந்தது.

"இதுல யாரும் உக்காரக்கூடாது, மாமா. பெல்ட்ட மாத்தணும்."

"எங்க கிழிஞ்சிருக்கு? லாரிய கட்டி இழுக்கலாம் இதுல."

"ஒரு மோதல் வாங்கிருச்சு. அவ்ளோதான் அதோட வேலை. இனிமே புடிக்காது."

"அப்ப உன் பெல்ட்டு?"

"அதுவும்தான். பட்டறையில சொல்லியிருக்கேன், நாளைக்குக் காலையில டிரைவர் பக்கத்துக்குப் புதுசு போடுறாங்க. அம்மா பின்னாடி உக்காரட்டும்."

பின் சீட்டில் பெல்ட்டுகள் இருந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. சீட்டைத் தூக்கினால் அடியில் மடிந்து கிடந்தன. கையை விட்டு இழுத்தேன். அதோடு வெளியே வந்தவை: காய்ந்த கோழி எரு, கட்டி கட்டியாக. கூழாகிக் கறுத்த கோஸ் இலை. சிகரெட் துண்டுகள். சப்பித் துப்பிய பாக்கு. கரப்பான் முட்டை. யாருடையதோ நீளமான தலைமுடி, பட்டையைச் சுற்றி நூல் கண்டு மாதிரி. கொக்கியின் வாய்க்குள் பழுப்பு நிறத்தில் ஏதோ இறுகியிருந்தது. பட்டை வெள்ளையா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை. விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று ஒட்டியது. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனதும் எனக்கு வாந்தி வந்துவிட்டது. நிஜமாகவே வந்தது. சாக்கடை ஓரம் போய்க் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது அம்மா வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், கவசத்தோடு நேராக உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"இதத்தான் என் மூஞ்சிகிட்ட போட்டுக்க சொன்னியா?" என்றாள்.

நான் புரியாமல் பார்த்தேன்.

"முன் சீட்டுது இத விட மோசம். உங்க மாமா கோழிப்பீ மூட்டைய முன் சீட்டுல வெச்சு, சாயாம இருக்க பெல்ட்டு போட்டுத்தான் கொண்டாருவான். வாரத்துக்கு ரெண்டு மூட்டை. அதே பெல்ட்ட நான் மூக்குக்குக் கீழ போட்டுக்கணும். பட்டுப்புடவை வேற."

"தாலி நசுங்கும்னு…"

"அது உங்க அத்தை பேச்சு. சொல்றதுக்கு நல்லா இருந்துச்சு, ஆமான்னுட்டேன்."

"ஏம்மா சொல்லல?"

"என்னத்த சொல்றது? ஓசியில கார் குடுக்கிறான். உன் கார் நாறுதுடான்னு தம்பிகிட்ட சொல்லவா? நீ ஓட்டுற. உனக்கு மூக்கு இருக்குல்ல?"

மாமா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரை மறந்து பேசினாளா, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று பேசினாளா, தெரியவில்லை. அவர் முகம் கறுத்தது. குனிந்து பெல்ட்டை எடுத்து மோந்து பார்த்தார்.

"நாறுதாக்கா? எனக்கு ஒன்னும் தெரியலியே."

"உனக்கு எப்படித் தெரியும். மூட்டைக்கும் உனக்கும் வித்தியாசம் தெரியாமதான் உன் பொண்டாட்டி தெனம் கதவ தொறக்கிறா."

மாமா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரிக்கப் போய், விலா குத்தி, கையை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த மூட்டையைப் பார்த்திருக்கிறேன். முன் சீட்டில் பெரிய மனுஷன் மாதிரி அது உட்கார்ந்து வந்ததைப் பார்த்துச் சிரித்தும் இருக்கிறேன். தோள் என்று ஒன்று இல்லாத அந்த மூட்டைக்கு மாமா பெல்ட்டைச் சரியாகத்தான் போட்டிருந்தார்: மேலிருந்து குறுக்காக, அடியில் இறுக்கமாக. புடவையில் இருந்த கறையின் அகலத்தை அளந்தேன், உயரத்தை அளந்தேன், கோணத்தைக்கூடக் குறித்தேன். அது எதன் கறை என்று கேட்கவில்லை. நாள் முழுக்க இயந்திர எண்ணெயிலும் புளித்த கொழுந்திலும் இருக்கும் மூக்குக்கு, முகத்துக்குக் கிட்டே வராதவரை, எதுவும் நாறுவதில்லை. நாறாததால் கேட்கவும் தோன்றவில்லை.

பட்டையை முழு நீளத்துக்கு வெளியே இழுத்து, உள்ளே ஓடிவிடாதபடி ஒரு கிடுக்கியைப் போட்டேன். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கி. குளோரின் போட்டால் நூல் பலம் இழக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு சோப்பு போதும்" என்றாள். முதல் வாளித் தண்ணீர் தார் மாதிரி ஓடியது. இரண்டாவது சாயத் தேநீர் நிறம். அம்மா நாற்காலியில் இருந்தபடியே மேற்பார்வை பார்த்தாள். "ஓரத்துல தேயி." "திருப்பு." "கொக்கிக்குள்ள குச்சி விடு." கோப்பை கழுவ வந்த புதுப் பெண்ணிடம் பேசுகிற குரல்.

"பெல்ட்டுக்குக் கல்யாணமா?" என்றார் மாமா.

"நீ தண்ணி எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. அவர் போனார். ஏழு வாளி எடுத்து வந்தார். ஏழாவது வாளியில் பட்டை சாம்பல் நிறம் என்று தெரிந்தது. பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்துவைத்து, வீட்டு மின்விசிறியை நீள வயரில் கொண்டுவந்து சீட்டைப் பார்க்க வைத்துக் காயவிட்டோம். எங்கள் வாசலில் ஒருநாளும் நிற்காத, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிகூட நின்று பார்த்துவிட்டுப் போனார். காருக்கு ஜுரமா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டறை வேலை முடிந்ததும் அம்மாவைப் பின் சீட்டில், இடது ஓரத்தில் உட்கார வைத்தேன். கவசம் இடுப்பு வரை இறங்கியிருந்ததால் கீழ்ப் பட்டையை அதன் விளிம்புக்கு அடியில், இரண்டு இடுப்பெலும்பின் மேலும் தொடை ஓரமாகவும் படிய வைப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோள் பட்டையை நான் இழுக்கவில்லை. அவளிடம் கொடுத்தேன். அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு பக்கமும் திருப்பி மோந்தாள். தாலிக்கொடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, பட்டையைக் காறை எலும்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

நான் 'போட்டாச்சா' என்று கேட்கவில்லை. கொக்கியை ஆட்டிப் பார்த்தேன், பட்டைக்கு அடியில் விரல் விட்டுப் பார்த்தேன், முறுக்கு இருக்கிறதா என்று முழு நீளமும் பார்த்தேன்.

"மெஷின்னு நெனச்சியா?" என்றாள்.

"ஆமா" என்றேன்.

ஈப்போவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு இடம் மாறவில்லை. கூடத் தொடங்கியிருக்கிறது. கவசம் இன்னும் ஒன்பது வாரம் என்றார் டாக்டர்.

இன்று அதில் ஐந்து வாரம் முடிந்திருக்கிறது. அம்மா வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை தானாக நடக்கிறாள், குனியக்கூடாது, தூக்கக்கூடாது. தேநீர்க் கடையில் அவளுடைய இடத்துக்குத் தற்காலிகமாக வேறு ஆள் போட்டிருக்கிறார்கள். அவள் திரும்பிப் போக முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. கழுத்து வலி காலையில் மட்டும் இருக்கிறது. மூன்று முறை ஈப்போ போய் வந்துவிட்டோம். மூன்று முறையும் பெல்ட்டை மோந்து பார்த்த பிறகு தோள் மேல் போட்டுக்கொண்டாள். முன் இடது பெல்ட்டை மாமா இன்னும் மாற்றவில்லை. அதில் யாரையும் உட்காரவைக்கக்கூடாது என்று சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன்; இப்போது அங்கே மூட்டை மட்டும் போகிறது. துணைக்கு வரும் அத்தை பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறார். பெல்ட்டைக் கைக்குக் கீழேதான் போடுகிறார். ஒவ்வொரு முறையும் நான் இறங்கி, பின் கதவைத் திறந்து, எடுத்து மேலே போட்டுவிடுகிறேன். அடுத்த வளைவில் அவர் அதைத் திரும்பக் கீழே விட்டுக்கொள்கிறார்.